பசுக்களில் கருமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருமாற்றம் என்றால் என்ன?

ஒரு நல்ல பசுவின் கருப்பையில் இருக்கும் ஏழு நாள் கருவை அறுவை செய்யாமல் கழுவி எடுத்து, பருவம் வந்து அதே ஏழு நாள் ஆன இன்னொரு பசுவின் கருப்பையில் கொண்டுபோய் வைப்பது. கருவைக் கொடுப்பவள் கொடைப்பசு, வாங்கிச் சுமப்பவள் வாடகைத்தாய். கன்றுக்கு அம்மா கொடைப்பசுதான். சினை ஊசியில் (செயற்கைக் கருவூட்டலில்) விந்து தந்த காளைதான் அப்பா.

சினை ஊசியே இருக்கிறதே, இது எதற்கு?

சினை ஊசி அப்பா வழியை மட்டும்தான் பெருக்குகிறது. ஒரு காளையிடம் ஒருமுறை எடுக்கும் விந்தில் நூற்றுக்கணக்கான குச்சிகள் (விந்தை அடைத்து வைக்கும் மெல்லிய குழாய்கள்) நிரப்பலாம். பசுவின் கதை வேறு. பிறக்கும்போதே லட்சத்துக்கும் மேல் முட்டைகளோடு பிறக்கிறாள், ஆனால் 21 நாளுக்கு ஒருமுறை ஒன்றே ஒன்றைத்தான் வெளியே விடுகிறாள். சினையானால் அதுவும் கிடையாது, ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். எட்டு ஈற்று ஈன்றால் பெரிய விஷயம், அதில் பாதி காளைக் கன்று. அபூர்வமான பசு ஒன்று கையில் இருந்தும், அவள் வாழ்நாளில் நமக்கு மூன்று நான்கு கிடேரிகள்தான் தேறும். இந்தக் கணக்கை உடைக்கத்தான் கருமாற்றம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சாதாரண சினை ஊசியிலேயே சினை பிடிக்காத பண்ணைக்கு இது மருந்தல்ல. பருவம் பார்ப்பதும், தீவனமும், தாது உப்பும், குடற்புழு நீக்கமும் ஒழுங்காக இல்லாத இடத்தில் கருவைக் கொண்டுபோய் வைத்தால், இதுவரை குறைந்த செலவில் தோற்றதை இனி அதிகச் செலவில் தோற்கலாம், அவ்வளவுதான்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. 1890-ல் இங்கிலாந்தில் வால்டர் ஹீப் என்பவர் ஒரு முயலின் கருவை வேறு இன முயலுக்கு மாற்றிக் குட்டி ஈன வைத்தார். கருமாற்றத்தில் பிறந்த முதல் கன்று 1951-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில். அப்போதெல்லாம் வயிற்றைக் கிழித்துத்தான் கருவை எடுத்தார்கள். ரப்பர் குழாய் வழியாகக் கழுவி எடுக்கும் முறை 1970-களில் நிலைபெற்ற பிறகுதான் இது பண்ணைக்குள் வந்தது. உறைய வைத்த கருவிலிருந்து முதல் கன்று 1973-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் இயன் வில்மட், பின்னாளில் குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்குட்டியால் உலகம் அறிந்த அதே ஆள். சோதனைக் குழாய்க் கன்று 1981-ல் வந்தது.

ஒரே பசுவிலிருந்து ஒரே நேரத்தில் பல கருக்கள் எப்படி?

ஒவ்வொரு சுழற்சியிலும் சினைப்பையில் பல முட்டைப்பைகள், அதாவது ஆளுக்கொரு முட்டையைச் சுமக்கும் சிறு நீர்ப்பைகள், வளரத் தொடங்கும். ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை வாடிவிடும். வாடப்போகிறவற்றையும் காப்பாற்றி வளர்க்க எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் ஊசி போடுகிறோம். பருவத்துக்குப் பிறகு 8 முதல் 12 நாளுக்குள் தொடங்கி, காலை மாலை என்று நான்கு நாள், அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவோம். மூன்றாம் நாள் புரோஸ்டாகிளாண்டின் ஊசி. அதிலிருந்து ஒன்றரை இரண்டு நாளில் பசு பருவத்துக்கு வரும். பருவம் தொடங்கி 12 மணி நேரத்தில் ஒரு சினை ஊசி, 24 மணி நேரத்தில் இன்னொன்று. முட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் வெடிப்பதில்லை, அதனால்தான் இரண்டு தடவை.

காலை ஆறு மணி ஊசியை ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டு "எல்லாம் போட்டாச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. எட்டு ஊசியும் நேரத்தோடு போக வேண்டும். திமில் உள்ள இனங்களுக்கு இந்த ஹார்மோன் சீக்கிரம் ஏறும், அவற்றுக்கு அளவு குறைவாகவே போதும். மற்ற இனங்களுக்கான அளவை அப்படியே போட்டால் சினைப்பை வீங்கிப்போய், கருவும் மோசமாக வரும்.

ஏன் ஏழாம் நாள்?

கரு முதல் நான்கைந்து நாள் கருக்குழாயில் இருக்கும், அங்கே நம் குழாய் எட்டாது. பிறகு கருப்பைக்குள் இறங்கும். ஒன்பது பத்தாம் நாளில் தன் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு எடுத்தால் உறைய வைக்கவும் கஷ்டம், நோய்க்கிருமியைக் கழுவி நீக்கவும் முடியாது. இந்த இடைவெளியில் கரு கைக்கு எட்டுகிறது, உறையும் இருக்கிறது. பருவம் வந்த நாளைச் சுழியம் என்று வைத்துத்தான் இந்த எண்ணிக்கை.

கழுவி எடுக்கும்போது என்ன நடக்கும்? பசுவுக்கு வலிக்குமா?

முதுகுத்தண்டின் கடைசியில், வால் தொடங்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவோம். சில நிமிடத்தில் வால் ஈரத்துணிபோலத் தொங்கும். வாலைத் தூக்கி விட்டால் பொத்தென்று விழ வேண்டும், அப்போதுதான் வேலையைத் தொடங்கலாம். பசு நின்றபடியே இருக்கும், பலது தீவனத்தை அசைபோட்டபடி நிற்கும்.

நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியே ஒரு கொம்புக்குள் (கருப்பை இரண்டு கிளையாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் ஒரு கொம்பு) செலுத்தி, பலூனைக் காற்றோ திரவமோ கொண்டு ஊதி அடைத்துக்கொள்வோம். பிறகு உடல் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கழுவு திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, ஆசனவாய் வழியாக வைத்த கையால் கொம்பைத் தூக்கி மெதுவாக அசைத்து, திரும்ப வடிய விடுவோம். வடிகிற திரவம் மிக நுண்ணிய வடிகட்டி வழியே போகும். இரண்டு கொம்புக்கும் இப்படித்தான். உள்ளே போன திரவம் முழுக்க வெளியே வந்ததா என்று கண் வைத்திருக்க வேண்டும். உள்ளே நின்றுபோன திரவத்தோடு கருவும் நின்றுபோயிருக்கும்.

அடுத்தது தேடல். பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வடிகட்டியில் தங்கியதைக் கட்டம் போட்ட தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியின் கீழ் கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டும். கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். சளித்துணுக்கு, உதிர்ந்த திசு, காற்றுக்குமிழ் எல்லாம் கண்ணை ஏமாற்றும். கரு மட்டும் தட்டை ஆட்டினால் உருளும். அதைச் சுற்றி ஒரு தெளிவான கண்ணாடி வளையம் தெரியும், அதுதான் உறை. உள்ளே செல்கள் முந்திரிக்கொத்து மாதிரி நெருங்கி நின்றால் மனசு நிம்மதியாகும். வெறும் உறைக்குள் கறுத்து உடைந்த துகள்கள் கிடந்தால் அது வளராமல் போன கரு. செல்லே பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றால் கருவுறாத முட்டை.

எத்தனை கரு கிடைக்கும்?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், கேட்டால் நான் சங்கடப்படும் கேள்வியும் இதுதான். சராசரி சொன்னால், ஒரு கழுவலில் பத்துக்குப் பக்கத்தில் முட்டையும் கருவும் வரும், அதில் ஆறு போலத் தேறும். ஆனால் சராசரியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஒரு பசு இருபது கொடுக்கும். நான்கைந்து பசுவுக்கு ஒன்று எதுவுமே கொடுக்காது. அதே பசு, அதே மருந்து, அதே ஆள், அடுத்த முறை வேறு எண்ணிக்கை. முதல் கழுவலில் சுழியம் வந்ததால் பசுவை விற்றுவிட்டு, பிறகு வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

மிச்சக் கணக்கையும் போட்டுவிடலாம். ஆறு கருவை அன்றே வைத்தால், நல்ல கையும் நல்ல வாடகைத்தாயும் இருந்தால், பத்துக்கு ஆறு வீதம் சினை பிடிக்கும். அதாவது மூன்றோ நான்கோ. அதில் ஒன்று இடையில் கலையலாம். ஒரு கழுவலுக்கு மூன்று கன்று என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள், அதில் பாதி காளை. அந்த மூன்றுக்கும் செலவை வகுத்துப் பார்த்து, பிறகும் லாபம் என்று தோன்றினால் செய்யலாம்.

எந்தப் பசுவைக் கொடைப்பசுவாகத் தேர்வு செய்வது?

பால் நிறைய கறப்பது மட்டும் போதாது. அவளுடைய அம்மா, மகள்கள் எப்படிக் கறந்தார்கள், மடியும் காலும் எப்படி, நோய் எதிர்ப்பு எப்படி என்று பதிவோடு பார்க்க வேண்டும். ஒரு பசுவின் குறையையும் நாம்தான் பத்து மடங்காகப் பெருக்கப்போகிறோம். சினை பிடிக்கவே திணறும் பசுவைக் கொடைப்பசுவாக்கி அந்தக் குணத்தையே பரப்பியவர்களும் உண்டு.

உடல்நிலையில், ஈன்று குறைந்தது இரண்டு மாதமாவது கழிந்து, இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கறவையின் உச்சத்தில் எலும்பு தெரிய நிற்பவளுக்கு ஊசி போடுவது மருந்தை வீணாக்கும் வேலை. 21 நாள் சுழற்சி இரண்டு தடவையாவது தவறாமல் வந்திருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள்.

வாடகைத்தாய் எப்படி இருக்க வேண்டும்?

என்னைக் கேட்டால், இந்த வேலையில் பாதிக்கு மேல் இவளிடம்தான் இருக்கிறது. ஆனால் கொடைப்பசுவுக்குக் குடும்ப வரலாறு முழுக்க எழுதி வைக்கும் பண்ணையில், வாடகைத்தாய்க்குப் பருவத் தேதிகூட ஒழுங்காக இருக்காது.

அவள் எந்த இனம், எவ்வளவு கறக்கிறாள் என்பது கன்றின் மரபுக்கு முக்கியமில்லை. வரப்போகும் கன்றைச் சுமந்து ஈனும் இடுப்பு வேண்டும். சின்னக் கிடேரிக்குள் பெரிய இனக் கரு வைத்தால் ஈனும் நாளில் தெரியும். ஒன்றிரண்டு ஈற்று சிரமமில்லாமல் ஈன்றவள், நஞ்சுக்கொடி தங்காமல் போட்டவள், பால் கொடுத்துக் கன்று வளர்க்கத் தெரிந்தவள் நல்ல தேர்வு. மெலிந்தவளும் வேண்டாம், கொழுத்தவளும் வேண்டாம். வாடகைத்தாய் என்று புதிதாக வாங்கி வந்து அடுத்த வாரமே கரு வைப்பதும் கூடாது. இடம் பழகி, தீவனம் பழகி, நோய்ப் பரிசோதனை முடிந்து சில வாரம் போகட்டும்.

கடைசியாக, பருவ நாள். கரு ஏழு நாள் வயது என்றால் அவளுடைய கருப்பையும் ஏழாம் நாளில் இருக்க வேண்டும். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் தாங்கும். அதற்கு மேல் தள்ளிப்போனால் சினை விகிதம் சரியும். காரணம் எளிது. 15 முதல் 17 நாளுக்குள் கரு ஒரு புரதத்தைச் சுரந்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று கருப்பைக்குச் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல் வரவில்லை என்றால், சினை இல்லை என்று உடம்பு முடிவு செய்து அடுத்த பருவத்துக்குக் கிளம்பிவிடும். மூன்று நாள் இளைய கரு, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல முடியாமல் போய்விடும்.

ஒருமுறை ஏழு நல்ல கருக்களை ஏழு வாடகைத்தாய்களுக்கு வைத்தேன். எல்லாம் முதல் தரக் கருக்கள். ஒன்றுகூட நிற்கவில்லை. என் கையிலா, திரவத்திலா, எங்கே தவறு என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பருவப் பதிவு நோட்டைப் புரட்டியபோது, ஏழு பசுவுக்கும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் தேதி எழுதப்பட்டிருந்தது. யாரும் பசுவைப் பார்க்கவில்லை, எல்லாப் பசுவையும் ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் பருவ ஒருங்கிணைப்பு ஊசியின் நாளிலிருந்து கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, கருவை வெளியே எடுக்கும் முன் நோட்டைத்தான் முதலில் கேட்கிறேன்.

பருவ ஒருங்கிணைப்பு ஊசி போட்டால் எல்லாப் பசுவும் தயாராகிவிடுமா?

ஆகாது. பத்துக்கு ஊசி போட்டால் ஏழு தேறினால் நல்லது. சில பருவத்துக்கே வராது, சில வந்தாலும் வைக்கும் நாளில் கார்பஸ் லூட்டியம் சரியாக வளர்ந்திருக்காது. முட்டை வெடித்த இடத்தில் வளர்ந்து, சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் கட்டி அது. அது இல்லாத பசுவில் கரு வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. எத்தனை கரு எதிர்பார்க்கிறீர்களோ, அதைவிடக் கூடுதலாகவே வாடகைத்தாய்களைத் தயார் செய்யுங்கள்.

சினை ஊசி போடுபவரே கருவையும் வைக்கலாமா?

கைப்பழக்கம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. பருவத்தில் கருப்பை வாய் தளர்ந்திருக்கும், ஏழாம் நாளில் இறுக மூடியிருக்கும். சினை ஊசியில் கருப்பை வாயைத் தாண்டியதும் நின்றுவிடுவோம். கருவைக் கார்பஸ் லூட்டியம் இருக்கும் பக்கத்துக் கொம்புக்குள்ளேயே, நடுப்பகுதி தாண்டிக் கொண்டுபோக வேண்டும். பக்கம் மாறினால் சினை நிற்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கொம்பின் உள்சுவரைக் கம்பி உரசி ரத்தம் கசிந்தாலும் போச்சு. ஆழமாக வைக்கிறேன் என்று குத்திக்கொண்டு போவதைவிட, தடை வந்த இடத்தில் நின்று மெதுவாக வைத்துவிட்டு வருவது மேல். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் விடுங்கள்.

உறைய வைத்த கருவுக்கும் புதிய கருவுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

சினை விகிதம் பத்துக்கு ஒன்று போலக் குறையும், அதுவும் முதல் தரக் கருவை மட்டும் உறைய வைத்தால். இரண்டாம் தரக் கருவை அன்றே வைத்துவிடுவது நல்லது, உறைபனியைத் தாங்காது.

உறைய வைக்கும்போது செல்லை உறைபனியிலிருந்து காக்கும் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவத்தோடு குச்சியில் அடைத்து, நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் மைனஸ் 30-ஐத் தாண்டும் வரை குளிர்வித்து, பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவோம். வருடக்கணக்கில் கெடாது.

உருக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். விந்துக் குச்சி மாதிரி கேனிலிருந்து எடுத்து நேராக வெந்நீரில் போடக் கூடாது. பத்து விநாடி போலக் காற்றில் பிடித்து, பிறகுதான் 30 டிகிரி அளவில் இருக்கும் தண்ணீரில் அரை நிமிடம். காற்றில் பிடிக்கும் அந்தப் பத்து விநாடி இல்லையென்றால் உறையில் விரிசல் விழும். உருக்கிய கருவைப் பத்து நிமிடத்துக்குள் வைத்துவிட வேண்டும், அதனால் பசுவைக் கட்டிப் பரிசோதித்து, எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகே குச்சியை எடுங்கள். கிளிசரால் கலந்து உறைய வைத்த கருவுக்கும், விட்ரிஃபிகேஷன் முறையில் (நொடியில் கண்ணாடிபோல உறைய வைப்பது) உறைய வைத்ததற்கும் வழி வேறு. குச்சியோடு வரும் குறிப்பைப் படிக்காமல் தொடாதீர்கள்.

சோதனைக் குழாய் முறை இதைவிட நல்லதா?

அதன் வழியே வேறு. இங்கே கருவை எடுக்கிறோம், அங்கே முட்டையை எடுக்கிறோம். அல்ட்ராசவுண்ட் துணையோடு, பிறப்புறுப்புச் சுவர் வழியாக ஊசி செலுத்திச் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி, ஆய்வகத்தில் ஒரு நாள் முதிர வைத்து, விந்தோடு சேர்த்து, ஏழு நாள் வளர்ப்பார்கள். எடுத்த முட்டையில் மூன்றில் ஒன்று கருவாகத் தேறினால் திருப்தி.

ஹார்மோன் ஊசி இல்லாமலே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், சினையின் முதல் மூன்று மாதத்திலும் எடுக்கலாம், பருவமெய்தாத கிடேரியிடமும் எடுக்கலாம். விந்தும் மிச்சம். அதனால்தான் உலக அளவில் இப்போது கழுவி எடுக்கும் கருவைவிட ஆய்வகக் கருதான் அதிகம். பிரேசில் இதில் வெகுதூரம் போய்விட்டது. திமில் இனங்களின் சினைப்பையில் முட்டைகள் ஏராளம் என்பதும் அதற்கு ஒரு காரணம். குறை என்னவென்றால், ஆய்வகம் அருகில் வேண்டும், உறைய வைத்தால் சினை விகிதம் கூடுதலாகச் சரியும், சில கன்றுகள் அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறக்கும். ஓரிரு நல்ல பசுவை மட்டும் வைத்திருப்பவருக்குக் கழுவி எடுப்பதே போதும் என்பது என் எண்ணம்.

கிடேரிக் கன்று மட்டும் வேண்டும், முடியுமா?

பாலினம் பிரித்த விந்து போட்டால் பத்துக்கு ஒன்பது கிடேரி. ஆனால் அந்தக் குச்சியில் விந்தணு குறைவு. ஹார்மோன் ஊசி போட்ட பசுவில் கருவுறாத முட்டைகள் கூடிவிடும். ஆய்வகக் கருவுக்கு அது நன்றாகப் பொருந்தும். இரண்டு கருவை ஒரே பசுவில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். ஒன்று காளையும் ஒன்று கிடேரியுமாக அமைந்தால், ரத்தம் கலந்து அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடாகிவிடும்.

பிறக்கும் கன்றுகள் எல்லாம் அச்சு அசலாக அம்மா மாதிரியே இருக்குமா?

இல்லை, இது குளோனிங் அல்ல. ஒரே கழுவலில் வந்தவை கூடப்பிறந்தவைதான். ஒரு வீட்டு அண்ணன் தம்பி எவ்வளவு வேறுபடுவார்களோ அவ்வளவு வேறுபடும்.

வாடகைத்தாயிடமிருந்து கன்றுக்கு எதுவுமே வராதா?

மரபு வராது. கறுப்பு வெள்ளைப் பசு செம்மண் நிறக் கன்றை ஈன்று, எதுவும் நடக்காததுபோல நக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் பிறப்பு எடையில் அவளுக்கும் பங்குண்டு. சீம்பாலில் வரும் நோய் எதிர்ப்பு அவளுடையது, அவளுக்கு நோய் இருந்தால் அதுவும் வரலாம்.

கரு வழியாக நோய் பரவுமா?

ஏழாம் நாள் கருவின் உறை முழுசாக இருந்தால், பத்து முறை புதுப்புதுத் திரவத்தில், ஒவ்வொரு முறையும் நூறு மடங்கு நீர்த்துப்போகும்படி கழுவினால் பெரும்பாலான கிருமிகள் போய்விடும். உறையில் ஒட்டிக்கொள்ளும் சில வைரஸ்களுக்கு இடையில் டிரிப்சின் என்ற நொதி கலந்தும் கழுவுவார்கள். உயிருள்ள மாட்டைத் தூரதேசம் கொண்டுபோவதைவிட, கருவை அனுப்புவது பாதுகாப்பு என்பது இதனால்தான். ஆய்வகக் கருவின் உறையில் கிருமி சற்று இறுகவே ஒட்டும், அங்கே கவனம் கூடுதலாக வேண்டும்.

வெயில் காலத்தில் சினை பிடிப்பதில்லை. கருமாற்றம் உதவுமா?

உதவும், இது பலர் யோசிக்காத பயன். உடல் சூடு முட்டையையும், கருவின் முதல் இரண்டு மூன்று நாளையும்தான் அதிகம் அடிக்கும். ஏழாம் நாள் கரு அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டது. குளிர்ந்த மாதங்களில் எடுத்து உறைய வைத்து, வெயிலில் வைக்கலாம். கருவுறுதலிலேயே தடை உள்ள பசுக்களில் சிலவும் இப்படிச் சினையாகும். கருப்பையில் சீழ் இருந்தால் மட்டும் எதுவும் நடக்காது, முதலில் வைத்தியம்.

கழுவி முடித்த பிறகு கொடைப்பசு என்ன ஆகும்?

அன்றே புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட வேண்டும், மறக்கவே கூடாது. நம் கண்ணுக்குத் தப்பிய கரு ஒன்றிரண்டு உள்ளே இருக்கலாம். விட்டால் இரட்டையோ மூன்றோ சினை நிற்கும். அதோடு சினைப்பையில் நிறைந்திருக்கும் கார்பஸ் லூட்டியம் கட்டிகளும் கரைய வேண்டும். ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாளில் பருவம் வரலாம், அடுத்த கழுவலுக்கு ஒன்று இரண்டு மாதம் இடைவெளி விடுவது வழக்கம். மலடாகிவிடுவாளோ என்ற பயம் பொதுவாகத் தேவையில்லை, சிலருக்கு நீர்க்கட்டி வந்து சரியாக நாள் எடுக்கும்.

வைத்த பிறகு எப்போது தெரியும்?

நிற்கவில்லை என்றால் வைத்த இரண்டு வாரத்தில் பருவத்துக்கு வரும். வரவில்லை என்பதாலேயே சினை என்று எண்ண வேண்டாம். பருவ நாளிலிருந்து 30 நாள் வாக்கில் அல்ட்ராசவுண்ட், 60 நாளுக்குப் பிறகு கையால் பரிசோதனை. இரண்டையும் செய்யுங்கள், ஏனென்றால் இடையில் கொஞ்சம் கலையும். ஈனும் தேதியைக் கரு வைத்த நாளிலிருந்து கணக்கிடாமல், அதற்கு ஏழு நாள் முன்னால் அந்த வாடகைத்தாய்க்கு வந்த பருவத்திலிருந்து கணக்கிடுங்கள். இனத்தைப் பொறுத்து 280 நாள் முன்பின். அந்தக் கணக்கிலும் கன்றின் இனத்தைப் பாருங்கள், சுமப்பவளின் இனத்தை அல்ல.